கணக்கில் வந்தது 46 லட்சம், கையில் நின்றது எவ்வளவு?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 34. பிறந்த ஊர் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். திருமணத்துக்குப் பிறகு கும்பகோணம். பத்து ஆண்டுகளாக வீடுகளுக்கு உள்ளலங்கார வேலை எடுத்துச் செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாக, பழைய வீடுகளைப் புதுப்பித்துக் காட்டும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இன்டீரியர் டிசைனராக வருகிறேன். மாதம் இரண்டு பகுதிகள், பகுதிக்கு 12,000 ரூபாய். அதிலும் பத்து சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். அதுவும் ஒளிபரப்பாகி மூன்று மாதம் கழித்து. ஒரு பகுதிக்கு மூன்று நாள் படப்பிடிப்பு, குரல் பதிவுக்குச் சென்னையில் ஒரு நாள். புடவை, ஒப்பனை எல்லாம் என் செலவு. அவசரமாக முடித்த வேலை என்பதால், கேமரா போன பிறகு அலமாரிக் கதவு தொங்கும். வீட்டுக்காரர் என்னைத்தான் கூப்பிடுவார். அதைச் சரிசெய்யும் கூலியும் என் தலையில்தான்.

2025-26 நிதியாண்டில் வாடிக்கையாளர்களிடமிருந்து என் வங்கிக் கணக்குக்கு வந்த தொகை 46 லட்சம். பிளைவுட், கண்ணாடி, தச்சர் கூலி எல்லாம் அதற்குள்தான். என் கட்டணம் 9 லட்சம் இருக்கலாம். கடைகள் தந்த கமிஷன் ஒரு 80,000. ஆனாலும் போன ஆடியில் தச்சருக்குக் கூலி கொடுக்க நகையை அடகு வைத்தேன். மாடுலர் கிச்சன் நிறுவனம் ஒன்று, அவர்கள் விளம்பரத்தில் நான் முகம் காட்டியதற்காக 2,40,000 ரூபாய் மதிப்புள்ள சமையலறையை எங்கள் வீட்டில் இலவசமாக அமைத்துத் தந்தது. ஜிஎஸ்டி பதிவு இல்லை. இதுவரை வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்ததில்லை. கணவருக்குத் தனியார் கல்லூரியில் 32,000 ரூபாய் சம்பளம். வீட்டுக் கடன் தவணை 18,000. அப்பா தன் மூன்று மா நஞ்சையை விற்றுத் தருகிறேன், ஷோரூம் போடு என்கிறார். தொலைக்காட்சியில் முகம் தெரியும்போதே வளர்ந்துவிட வேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நிலத்தை விற்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பு அந்த 46 லட்சத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் தொல்லைகளில் முக்கால்வாசி அதற்குள்தான் இருக்கின்றன.

46 லட்சத்தில் 37 லட்சம் உங்கள் பணமே இல்லை. மரக் கடைக்கும் தச்சருக்கும் போக வேண்டிய பணம் உங்கள் கணக்கில் சில வாரங்கள் தங்கிப் போகிறது. தங்கும் நேரத்தில் அது உங்கள் பணம்போலத் தெரிகிறது. தை மாதத்தில் ஒரு வாடிக்கையாளர் கொடுத்த முன்பணத்தில், மார்கழியில் பாதியில் நின்ற இன்னொருவரின் வேலையை முடித்திருப்பீர்கள். அந்தத் தை வாடிக்கையாளருக்குப் பிளைவுட் வாங்கப் பங்குனியில் மூன்றாமவர் கொடுத்த முன்பணம். இப்படி உருட்டிக்கொண்டே வந்தால் புதிய வேலை வரும்வரை ஓடும். ஆடியில் யாரும் புது வேலை தொடங்குவதில்லை. சக்கரம் நின்றது, நகை அடகுக்குப் போனது. உங்களுக்கு வருமானம் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். யாருடைய பணம் எது என்ற எல்லை இல்லாமல் போனதுதான் கோளாறு.

நாளைக்கே இரண்டாவது வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். வாடிக்கையாளரின் பொருள் பணமும் கூலிப் பணமும் அதில் மட்டும் வரட்டும், அதிலிருந்து மட்டும் போகட்டும். வடிவமைப்புக் கட்டணத்துக்குத் தனி ரசீது போட்டு இப்போதுள்ள கணக்கில் வாங்குங்கள். இன்னும் நல்லது, பொருள் பணம் உங்கள் கையைத் தொடாமலே போவது. ரசீது வாடிக்கையாளர் பெயரில் இருக்கட்டும், பணத்தை அவரே கடைக்குச் செலுத்தட்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கை நீங்கள் வாங்கி, மேலே கொஞ்சம் வைத்து விற்றால் அது உங்கள் வியாபாரம், உங்கள் விற்றுமுதல். அதே விளக்கை வீட்டுக்காரர் பெயரில் ரசீது போட்டு அவர் பணத்தில் வாங்கிக் கொடுத்தால், உங்களுடையது தேர்ந்தெடுத்துத் தந்ததற்கான கட்டணம் மட்டும். வரவேற்பறையில் விளக்கு நிற்கும் அழகு ஒன்றுதான். வரிக் கணக்கில் இரண்டும் வேறு வேறு.

இனி வரி. உள்ளலங்காரம் என்பது வருமான வரிச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் தொழில்களில் ஒன்று. மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர் இருக்கும் அதே பட்டியல். அதனால் 44ஏடிஏ என்று அறியப்படும் பிரிவு உங்களுக்கும் உண்டு. (2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த முறை தொடர்கிறது.) தொழில் வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், மீதிப் பாதிக்குச் செலவுக் கணக்கு கேட்கமாட்டார்கள். ரொக்க வரவு ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அந்த வரம்பு 75 லட்சம்.

இந்த இடத்தில்தான் எல்லை பிரிக்காததன் விலை தெரியும். 46 லட்சத்தோடு தொலைக்காட்சிப் பணம் 2,88,000 ரூபாயையும் சேர்த்து முழுவதையும் தொழில் வரவு என்று ஒருவர் எடுத்துக்கொண்டால், பாதி 24,44,000. புதிய வரி முறையில் அதற்கு ஏறத்தாழ மூன்றேகால் லட்சம் ரூபாய் வரி. சரியாகப் பிரித்தால் என்ன ஆகும்? கட்டணம் 9 லட்சம், தொலைக்காட்சி 2,88,000. இரண்டிலும் பாதி 5,94,000. சமையலறை 2,40,000, கமிஷன் 80,000. மொத்தம் 9,14,000. பொருளும் கூலியும் கலந்த ஒப்பந்த வேலையில் இரண்டு லட்சம் லாபம் நின்றது என்று வைத்துக்கொண்டாலும் 12 லட்சத்துக்குள்தான். 2025-26க்கான புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. அப்படியானால் தொலைக்காட்சி நிறுவனம் பிடித்த 28,800 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். அவர்கள் அதைத் தங்கள் பையில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் பான் எண்ணில் அரசிடம் கட்டியிருக்கிறார்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் எடுத்துப் பாருங்கள். கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு அது திரும்பாது.

ஒரு சிக்கல். ஒப்பந்த வேலையின் வரவை 44ஏடி என்ற வியாபாரிகளுக்கான எளிய முறையில் காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களைப் போன்ற குறிப்பிட்ட தொழில் செய்பவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அந்த 37 லட்சத்துக்குக் கடை ரசீது, கூலிச் சீட்டு எல்லாம் வைத்து உண்மையான லாபத்தைத்தான் காட்ட வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும் படிவமும் ஐடிஆர்-3. தச்சர்களுக்கு ரொக்கமாகக் கொடுத்துச் சீட்டே வாங்காத தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நீங்கள் உட்கார்ந்து எழுத வேண்டிய முதல் பட்டியல் அது.

ஜிஎஸ்டியில் உங்கள் நிலை கொஞ்சம் மோசம், மறைக்க விரும்பவில்லை. சேவை தருபவருக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். பொருளோடு சேர்த்து மொத்தமாக விலை பேசி வேலை எடுத்திருந்தால், வந்த முழுத் தொகையும் விற்றுமுதல்தான். ‘அது மரக்கடைப் பணம்’ என்ற வாதம் எடுபடாது. வாடிக்கையாளரின் முகவராக மட்டும் நின்று, அவர் ஒப்புதலோடு, அடக்க விலைக்கு வாங்கித் தந்து, ரசீதில் தனியாகக் காட்டிய தொகையைத்தான் கழிக்க முடியும். நடந்து முடிந்த ஆண்டுக்கு இதையெல்லாம் பின்தேதியிட்டு உருவாக்க நினைக்காதீர்கள். நோட்டீஸ் வருவதற்கு முன்பே ஒரு பட்டயக் கணக்காளரிடம் போங்கள். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். தாமாக முன்வந்து கட்டுபவருக்கு அபராதச் சுமை இலேசாகும். இனிமேல் கட்டணம் மட்டும் வாங்கும் முறைக்கு மாறினால் உங்கள் விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் அடங்கும்.

கடைக் கமிஷனை வாங்குவது இந்தத் தொழிலில் ஊரறிந்த வழக்கம். அதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். அவர் பெயரிலேயே ரசீது போடத் தொடங்கினால் விலை வித்தியாசம் எப்படியும் அவருக்குத் தெரிந்துவிடும்.

சமையலறை இலவசம் இல்லை. தொழில் காரணமாக வந்த பொருள் நன்மை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலை முதல், கொடுப்பவர் பத்து சதவீத வரி கட்டப்பட்டதை உறுதி செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 24,000 ரூபாய் உங்கள் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்திடம் கேளுங்கள். படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து திருப்பி எடுத்துப்போகும் சோபாவுக்கு இது கிடையாது. வீட்டிலேயே தங்கிவிட்ட பொருளுக்கு உண்டு.

இப்போது தொலைக்காட்சி. நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். புடவை, ஒப்பனைக்கு 3,000. உழவன் எக்ஸ்பிரஸ், ஆட்டோ, தங்கும் அறை 2,200. கதவு தொங்கிய பிறகு செய்யும் பழுதுக்கு 2,500. 12,000இல் மிஞ்சுவது 4,300. நான்கு நாள் வேலைக்கு அது நாளுக்கு 1,075 ரூபாய். உங்கள் தலைமைத் தச்சருக்கு இதைவிடக் குறைவாகக் கொடுத்தால் அவர் வருவாரா என்று யோசித்துப் பாருங்கள். மாதத்தில் எட்டு நாள், அதாவது வேலை நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, இந்தக் கூலிக்குப் போகிறது.

விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அதை விளம்பரச் செலவு என்று எண்ணுங்கள், சம்பளம் என்று எண்ணாதீர்கள். இனி வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ‘எப்படித் தெரிந்து வந்தீர்கள்’ என்று கேட்டுக் குறித்து வையுங்கள். பாதிப்பேர் நிகழ்ச்சியைப் பார்த்து வந்தவர்கள் என்றால் தொடருங்கள். எல்லோரும் உறவினர் சொல்லி வந்தவர்கள் என்றால், அந்த எட்டு நாளில் இரண்டு வீட்டு வேலையைக் கூடுதலாக எடுக்கலாம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வீடு கட்டுபவர்கள் உங்கள் முகத்தை எங்கே பார்த்தார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். நேரில் வர முடியாதவர் நம்பித் தரும் வேலைக்குக் கட்டணமும் கூடுதலாகக் கேட்கலாம்.

அடுத்து, நிலம். மூன்று மா என்றால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மைதான். (கிராமப்புறமா என்று அறிய நகர எல்லையிலிருந்து நேர்க்கோட்டுத் தூரம் பார்ப்பார்கள்: நகரின் மக்கள்தொகை 10,000 முதல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. அந்தத் தூரத்துக்குள் இருந்தால் கிராமப்புறம் ஆகாது.) வரி இல்லை என்பது விற்பதற்கு ஒரு காரணம் ஆகாது. ஷோரூம் வந்தால் வாடகை, விற்பனையாள், மின்கட்டணம், மாதிரிப் பொருள்களில் முடங்கும் பணம் எல்லாம் ஆடியிலும் மார்கழியிலும் நிற்காமல் ஓடும். வாடிக்கையாளர் மட்டும் வரமாட்டார். ஏற்கெனவே பணம் சுழற்சியில் மாட்டும் தொழிலுக்கு நிலையான செலவைக் கூட்டுவது ஆபத்து. தொலைக்காட்சி ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்று நீங்கள் எழுதவும் இல்லை. நிகழ்ச்சி நின்றால் முகம் மறக்க ஒரு வருடம் போதும். நஞ்சையைத் திரும்ப வாங்க ஆயுள் போதாது. முடிந்த வீடுகளில் இரண்டு பேரிடம் அனுமதி கேட்டு, புது வாடிக்கையாளரை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். அதைவிட நல்ல ஷோரூம் கும்பகோணத்தில் கிடைக்காது.

உங்கள் வாடிக்கையாளர்களில் விவசாயக் குடும்பங்கள் எத்தனை என்று பாருங்கள். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் வங்கிக்கு வந்த பிறகுதான் அவர்கள் வீட்டில் கைவைப்பார்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் ஆண்டில் குறுவைப் பணம் ஐப்பசிவாக்கில் வரும். அப்போது வடகிழக்கு மழை, சுவரில் பெயின்ட் காயாது, மரம் ஊதும். ஆக ஆண்டில் ஐந்து மாதம் மெலிந்த மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பங்கும் தொழிலின் அன்றாடச் செலவும் சேர்த்து மாதம் 45,000 என்றால் 2,25,000 தேவை. வாங்கும் ஒவ்வொரு கட்டணத்திலும் ஐந்தில் ஒரு பங்கை அன்றைக்கே ஒதுக்கினால் ஆண்டில் 1,80,000 சேரும். திரும்பி வரும் வரிப் பணத்தையும் அதில் போடுங்கள். தேசிய வங்கியில் சிறு சிறு வைப்புத் தொகைகளாகப் போதும். ஒன்றை உடைத்தால் மற்றவை நிற்கும். சீட்டுக் கட்ட வேண்டாம்.

நகையை மீட்டபின் கணவன் மனைவி இருவருக்கும் டேர்ம் ஆயுள் காப்பீடு, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. தச்சர்களும் பெயின்டர்களும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மூன்று நாளில் முடிக்க வேண்டும் என்று இரவெல்லாம் சாரத்தில் நிற்பவர் விழுந்தால், அவர் குடும்பம் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

உத்யம் (Udyam) இணையதளத்தில் சிறு தொழிலாகப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை; இந்த வாரமே செய்யுங்கள். பதிவு பெற்றவருக்குத் தொலைக்காட்சி நிறுவனம் போன்றவர்கள், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தாமதித்தால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை அவர்கள் வரிக் கணக்கில் கழிக்க முடியாது; நிறுவனங்களின் கணக்குப் பிரிவு இதற்கு மட்டும் பயப்படும். அடுத்த ஒப்பந்தத்தில் பணம் ஒளிபரப்பைச் சாராமல் படப்பிடிப்பு நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும், படப்பிடிப்புக்குப் பிந்தைய பழுதுச் செலவு நிகழ்ச்சித் தயாரிப்பாளருடையது, பயணமும் ஒப்பனையும் தனி என்ற மூன்று நிபந்தனைகளைக் கேளுங்கள். மூன்றும் ஒருசேரக் கிடைக்காது. பழுதுச் செலவை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.