புயல் வருகிறது, கோழிகளை எங்கே அடைப்பது?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் கொல்லையில் இருபது நாட்டுக்கோழி வளர்க்கிறேன். தகரக் கொட்டகைதான். நாலைந்து கோழி முருங்கையில் ஏறி அடையும். ஒரு தாய்க்கோழிக்குப் பத்து நாள் குஞ்சுகள் இருக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினால் போதுமா?

பதில்: போதாது. தார்ப்பாய் காற்றை வாங்கிக்கொண்டு கொட்டகையோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் உங்கள் பக்கம் கரை கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்தில் பறக்கும் தகரம் ஆளையே வெட்டும். முருங்கையோ சாதாரணக் காற்றுக்கே முறிகிற மரம்.

எச்சரிக்கை வந்த அன்றே எல்லாவற்றையும் காங்கிரீட் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். குளியலறை, மாடிப்படிக்கு அடி, எதுவானாலும் சரி. வீட்டில் முணுமுணுப்பு எழும், இரண்டு நாள்தானே. பொழுது சாய்ந்து அடைந்த பிறகு பிடியுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, துரத்த வேண்டியிருக்காது. கீழே உமி பரப்பி, நனைந்த இடத்தை உடனே அள்ளிவிடுங்கள். சேவல்களைத் தனித்தனிப் பஞ்சாரக் கூடையால் மூடி வையுங்கள். ஜன்னலில் ஒரு கை அகலமாவது திறப்பு இருக்கட்டும்.

குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. கரண்ட் போனால் பல்பு அணைந்துவிடும், தாயின் இறக்கைச் சூடு அணையாது. குளிருக்காக அடைத்த அறையில் கரி அடுப்பு மூட்டிவிடாதீர்கள். அந்தப் புகை கோழியை மட்டுமல்ல, உங்களையும் கொல்லும்.

காற்று ஓய்ந்ததும் பலர் அசந்துவிடுகிறார்கள். எனக்குக் கவலையே அதற்கடுத்த இரண்டு வாரம்தான். நனைந்த தீவனத்தைக் காயவைத்துப் போடாதீர்கள். பூஞ்சை நஞ்சு வெயிலில் போகாது, ஈரலைக் கெடுக்கும். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாமல், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் வையுங்கள். ஈரத்தரையில் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். எச்சத்தில் சிவப்பைப் பார்த்த அன்றே கால்நடை மருந்தகம் போங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும், புயலுக்கு முதல் நாள் போட்டுப் பயனில்லை.

செத்த கோழியைச் சமைக்க வேண்டாம். கிணற்றை விட்டுத் தள்ளிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அதற்கு முன் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் கால்நடை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். 2024 ஃபெஞ்சல் புயலின்போது கோழி ஒன்றுக்கு 100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஆதாரம் இல்லாமல் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.