வாசகர் கேள்வி–பதில்: நார்மண்டிக் கடற்கரை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த வடபிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய 1944 ஜூன் 6 படையிறக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நார்மண்டி என்ற பெயர் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் அங்கே பெரிய படையெடுப்புகள் நடந்ததுண்டா? – ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அந்தப் பெயரே ஒரு படையெடுப்பின் எச்சம்தான். ஸ்காண்டிநேவியாவிலிருந்து நீண்ட படகுகளில் வந்து, சேன் ஆற்றின் வழியே உள்நாடு வரை புகுந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளை அங்கிருந்தவர்கள் ‘வடக்கத்தி மனிதர்கள்’ என்ற பொருளில் ‘நார்மன்’ என்று அழைத்தனர்; அவர்கள் குடியேறிய நிலம் நார்மண்டியானது. அவர்களை விரட்ட இயலாத பிரெஞ்சு மன்னர் மூன்றாம் சார்லஸ், 911-இல் அவர்களின் தலைவர் ரோலோவுக்கு அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி நிலத்தையே கொடுத்து, இனி வரும் கொள்ளையரைத் தடுக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். திருடன் கையில் பெட்டிச் சாவியைக் கொடுத்தது போன்ற ஏற்பாடுதான் என்றாலும் அது பலித்தது. சில தலைமுறைகளில் வந்தவர்கள் பிரெஞ்சு பேசும் கிறிஸ்தவர்களாகிவிட்டனர். அவர்களுடைய பழைய மொழி ஊர்ப்பெயர்களில் மட்டும் தங்கிவிட்டது. போல்பெக், கோட்பெக் என்று ‘பெக்’ சேர்ந்து வரும் பெயர்களில் அந்தச் சொல்லுக்கு ஓடை என்று பொருள்.

ரோலோவின் வழிவந்த வில்லியம் 1066-இல் பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாய் என்ற கடலைக் கடந்து, அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸில் மன்னர் ஹரால்டை வீழ்த்தி இங்கிலாந்தைக் கைப்பற்றினார். 1944-இல் படை எதிர்த்திசையில் வந்தது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 1,56,000 பேர் கடல் வழியாகவும் வான் வழியாகவும் இறங்கினர். நார்மண்டியின் பேயூ நகரில், உடல் கிடைக்காத பிரிட்டிஷ் படையினருக்காக எழுப்பப்பட்டுள்ள நினைவு மண்டபத்தில் ஒரு லத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது: “வில்லியமால் வெல்லப்பட்ட நாங்கள், வென்றவனின் தாயகத்தை விடுவித்தோம்.” 878 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆங்கிலேயர் அந்தத் தோல்வியை மறக்கவில்லை போலும்.

கேள்வி: பேயூ திரைச்சீலை போரில் எப்படித் தப்பியது? – ஒரு கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: முதலில் ஒரு சிறு திருத்தம். அது தறியில் நெய்த திரைச்சீலை அன்று. லினன் துணியில் கம்பளி நூலால் கையால் போட்ட பூவேலை. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட அந்தத் துணியில் 1066 படையெடுப்பின் கதை முழுவதும் தைக்கப்பட்டிருக்கிறது. மரம் வெட்டிக் கப்பல் கட்டுவதும், கப்பலிலிருந்து குதிரைகளை இறக்குவதும், வால் நட்சத்திரத்தைக் கண்டு மக்கள் விரல் நீட்டுவதும் அதில் உள்ளன. பலரும் நின்று பார்க்காமல் கடந்துவிடும் ஓரிடத்தில், இருவர் தீப்பந்தங்களால் ஒரு வீட்டைக் கொளுத்த, ஒரு பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறாள். வென்றவர்களின் பெருமையைச் சொல்ல வந்த துணியில் அவளுக்கும் இடம் கொடுத்தவர் யாராயினும் பெரிய கலைஞர்தான்.

1939-இல் போர் தொடங்கியதும் அதைச் சுருட்டி நிலவறையில் பாதுகாத்தனர். ஜெர்மானிய இன மேன்மைக்குச் சான்று தேடிய நாஜி ஆய்வாளர்கள் 1941-இல் அதை விரித்து அளந்து படமெடுத்தனர். பின்னர் அது வடமேற்கு பிரான்ஸின் சூர்ஷ் மாளிகைக்கு அனுப்பப்பட்டது. படையிறக்கத்துக்குப் பிறகு பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தை அடைந்தது. ஆகஸ்டில் நாஜித் தலைவர்களுள் ஒருவரான ஹிம்லரின் ஆட்கள் அதை பெர்லினுக்குக் கொண்டுபோக வந்தபோது, லூவ்ர் ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தினரின் கைக்குள் இருந்தது. துணி பிழைத்தது. பேயூ நகரமும் ஜூன் 7 அன்றே, பெரும்பாலும் சேதமின்றி விடுதலை பெற்றது.

கேள்வி: விடுவிக்க வந்தவர்களே பிரெஞ்சு நகரங்கள் மீது குண்டு வீசினார்கள் என்பது உண்மையா? – ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: உண்மை. பேயூவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள கான் நகரத்தின் கதையைச் சொன்னாலே போதும். கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அந்நகரை முதல் நாளிலேயே பிடித்துவிடுவது பிரிட்டிஷ் திட்டம். அது நடக்கவில்லை. ஜெர்மானியப் படைகள் கடற்கரைக்கு விரைவதைத் தடுக்கச் சாலைகள் கூடும் நகரங்களை இடிபாடுகளால் அடைக்க வேண்டும் என்ற கணக்கில், ஜூன் 6 முதலே வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. ஜூலை 7 மாலையில் 450-க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. நகரின் வடபாதி ஜூலை 9 அன்றும், ஓர்ன் ஆற்றுக்குத் தெற்கேயுள்ள பகுதி அதற்குப் பத்து நாள் கழித்தும்தான் கைப்பற்றப்பட்டன. அதற்குள் நகரின் பெரும்பகுதி தரைமட்டமாகி, ஏறத்தாழ 2,000 நகரவாசிகள் மாண்டிருந்தனர். நார்மண்டி முழுவதும் இறந்த பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர்.

ஓட இடமில்லாதவர்கள் எங்கே தஞ்சம் புகுந்தார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. வில்லியம் பதினோராம் நூற்றாண்டில் கட்டுவித்த புனித எத்தியேன் மடாலயத்திலும், அதை ஒட்டிய மருத்துவமனையிலும் ஆயிரக்கணக்கானோர் வைக்கோல் பரப்பித் தங்கினர். விமானிகளுக்குத் தெரியும்படி செஞ்சிலுவைக் குறியிட வண்ணம் கிடைக்காததால், அறுவை அறையிலிருந்து எடுத்த விரிப்புகளை இரத்தத்தில் தோய்த்துத் தரையில் விரித்தனர். மடாலயம் தப்பியது. இன்னும் சிலர் நகருக்கு வெளியே பழைய கல்குவாரிக் குகைகளுக்குள் வாரக்கணக்கில் இருட்டில் வாழ்ந்தனர். லண்டன் கோபுரக் கோட்டைக்குக் கப்பலேறிப் போன வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் இதே வட்டாரத்தில் வெட்டப்பட்டதுதான்.

என் கருத்தைக் கேட்டால், சாலையை அடைக்க ஊரையே இடித்தது போர்த்தந்திரமாகவும் பெரும் பலன் தரவில்லை. இடிபாடுகள் பின்னால் முன்னேறி வந்த நேச நாட்டு வண்டிகளையும்தான் தடுத்தன.

கேள்வி: அமெரிக்கப் பீரங்கி வண்டிகளை வேலிகள் தடுத்தன என்று எழுதியிருந்தீர்கள். வெறும் வேலியா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வெறும் வேலி அன்று. தலைமுறை தலைமுறையாக உழவர்கள் வயலைச் சுற்றி எழுப்பிய ஆளுயர மண்கரையும், அதன்மேல் வேரோடிய உயிர்வேலியும் சேர்ந்த அரண் அது. கரையில் ஏறும் வண்டியின் முகப்பு மேலே தூக்கிக்கொள்ள, தகடு மெலிந்த அடிப்பகுதி எதிரியின் குறிக்குத் திறந்துவிடும். இறுதியில், ஜெர்மானியர் கடற்கரையில் நட்டிருந்த இரும்புத் தடைகளையே வெட்டி, வண்டியின் முன்னால் கொம்புகளாகப் பற்றவைத்துக் கரையைத் துளைத்தனர்.

கேள்வி: எங்கள் ஊரில் கப்ஸ் கோவில் என்று அழைக்கும் தேவாலயத்துக்கு எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் சிலை இருக்கிறது. பிரெஞ்சு வீராங்கனையை பிரெஞ்சு மண்ணிலேயே ஆங்கிலேயர் எப்படி எரிக்க முடிந்தது? – ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அவர் எரிக்கப்பட்ட, நார்மண்டியிலுள்ள ரூவான் நகரம் அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்தது. 1204-இல் பிரெஞ்சு மன்னரிடம் இழந்த நார்மண்டியை, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போரின்போது ஆங்கிலேய மன்னர் ஐந்தாம் ஹென்றி மீண்டும் பிடித்தார். நீண்ட முற்றுகைக்குப் பின் 1419 ஜனவரியில் ரூவான் பட்டினியால் பணிந்தது. ஆங்கிலேயருடன் கூட்டுச் சேர்ந்திருந்த பிரெஞ்சுப் பிரிவினரான பர்கண்டியர் சிறைபிடித்து ஆங்கிலேயருக்கு விற்ற ஜோன், 1431 மே 30 அன்று அங்குள்ள பழைய சந்தைத் திடலில் எரிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று 1456-இல் அறிவித்ததும் அதே ஊரில்தான். திடலருகே இருந்த புனித வின்சென்ட் தேவாலயம் 1944 குண்டுவீச்சில் அழிந்தது. ஆனால் அதன் பதினாறாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் போர் தொடங்கியபோதே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தனர். 1979-இல் அதே திடலில் ஜோன் பெயரால் கட்டி முடித்த புதிய தேவாலயத்தில் அவற்றை இன்று காணலாம்.