வாசகர் கேள்வி-பதில்: பாவசங்கீர்த்தனத் தொட்டியும் சினிமா கேமராவும்

கேள்வி: கத்தோலிக்க விசுவாசத்தை வச்சு வந்த படங்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா எதைச் சொல்வீங்க?

பதில்: யோசிக்கவே வேணாம், ராபர்ட் ப்ரெஸ்ஸான் 1951ல எடுத்த 'டைரி ஆஃப் எ கன்ட்ரி பிரீஸ்ட்'. ஜார்ஜ் பெர்னானோஸோட பிரெஞ்சு நாவலை வச்சு எடுத்தது. ஒரு சின்ன கிராமத்துக்கு புதுசா வர்ற இளம் பங்குச் சாமியார், அவருக்கு தீராத வயித்துவலி, எதுவும் ஒத்துக்காம ரொட்டியை வைன்ல நனைச்சு தின்னுக்கிட்டு நாளை ஓட்டுறார், ஊர் சனம் அவரைக் குடிகாரன்னு பேசுது, கடைசியில பார்த்தா வயித்துல கேன்சர். கதைன்னு சொன்னா இவ்வளவுதான்.

ஆனா நடுவுல ஒரு காட்சி இருக்கு. அந்த ஊர் பெரிய வீட்டு அம்மா, சின்ன வயசுலயே மகனைப் பறிகொடுத்துட்டு கடவுள்மேல இருக்கிற கோவத்தை வருஷக்கணக்கா நெஞ்சுல பூட்டி வச்சிருக்காங்க. பூசைக்கு வர்றாங்க, எல்லாம் முறைப்படி நடக்குது, உள்ளுக்குள்ள மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது. சாமியார் விடாம பேசிப் பேசி அந்தப் பூட்டைத் திறக்கிறார். அந்தம்மா உடைஞ்சுபோய், மகன் ஞாபகமா கழுத்துல போட்டிருந்த பதக்கத்தைப் பிடுங்கி கணப்பு நெருப்புல வீசிடுறாங்க. கடவுள் இதைத்தான் கேட்கிறார்னு நினைச்சு வீசுறாங்க. சாமியார் சட்டுனு நெருப்புக்குள்ள கையை விட்டு அதை எடுக்கிறார், கடவுள் ஒண்ணும் சித்திரவதை பண்றவர் இல்லம்மாங்கிறார். ஒரு மணி நேரப் பிரசங்கம் செய்ய முடியாததை அந்தக் கை செஞ்சிடுது. அன்னைக்கு ராத்திரியே அந்தம்மா இறந்துபோறாங்க, சாவுக்கு முன்னாடி தனக்கு சமாதானம் கிடைச்சுதுன்னு அவருக்கு எழுதி அனுப்பியிருக்காங்க, ஆனா ஊரோ அவர்மேல பழி போடுது.

முடிவு அதைவிட பலமானது. அவர் சாகறது குருத்துவத்தை விட்டுட்டுப் போன ஒரு பழைய நண்பன் வீட்டுல. பாவமன்னிப்பும் அந்த நண்பன்கிட்டதான் கேட்கிறார். அந்த ஊர் சாமியார் வர்றதுக்குள்ள உயிர் போயிடுமேன்னு நண்பன் தவிக்க, அதனால என்ன, எல்லாமே அருள்தான்னு சொல்லிட்டு கண்ணை மூடுறார். திரையில ஒரு சிலுவை நிழல் மட்டும்தான். எனக்கு கத்தோலிக்க படம்னா இதுதான் அளவுகோல், அதுல யாராவது மன்னிப்பு கேட்கணும், இல்ல குடுக்கணும், அதுக்கு ஒரு விலை இருக்கணும். அற்புதம் நடக்குதா, வானத்துல வெளிச்சம் வருதாங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கேள்வி: பாவசங்கீர்த்தனத்துல, அதாவது ஒருத்தர் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு கேட்கிறப்போ, கேட்டதை சாமியார் நிஜமாவே யாருக்கும் சொல்லக் கூடாதா? கொலையா இருந்தாலுமா? ஹிட்ச்காக் படம் பார்த்ததுல இருந்து இந்த சந்தேகம்.

பதில்: கொலையா இருந்தாலும் சொல்லக் கூடாது. திருச்சபைச் சட்டம் 983ல இந்த ரகசியம் மீறவே கூடாததுன்னு தெளிவா இருக்கு, தெரிஞ்சே நேரடியா உடைக்கிற குருவுக்கு அந்த நிமிஷமே சபைநீக்கம். நீங்க பார்த்தது 1953ல வந்த 'ஐ கன்ஃபெஸ்'. கியூபெக் நகரத்துல, கோவில்ல வேலை செய்ற கெல்லர் ஒரு வக்கீலைக் கொன்னுட்டு நேரா வந்து ஃபாதர் லோகன்கிட்ட சங்கீர்த்தனம் பண்றான், அவன் கொலை செஞ்சப்போ போட்டிருந்தது ஒரு சாமியார் அங்கி, அதனால சந்தேகம் முழுக்க லோகன்மேலயே திரும்புது. ஒரு வார்த்தை சொன்னா தப்பிச்சிடலாம், அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில வரக் கூடாது. மாண்ட்கோமரி கிளிஃப்ட் கண்ணாலயே நடிச்சிருப்பார், ஏன்னா கதையே அவர் வாயைக் கட்டிப் போட்டிருக்கு.

ஹிட்ச்காக் இயேசு சபை பள்ளிக்கூடத்துல படிச்சவர். கத்தோலிக்கர் அல்லாதவங்களுக்கு ஒருத்தன் இதுக்காக உயிரை விடுவான்னு நம்பவே முடியலைங்கிறதால படம் சரியா எடுபடலைன்னு அவரே பின்னாடி வருத்தப்பட்டார். என்னைக் கேட்டா அந்த நம்ப முடியாததுதான் படத்தோட பலமே. இன்னொண்ணு கவனிச்சுப் பாருங்க, இதுல லோகனை விரட்டுற போலீஸ் இன்ஸ்பெக்டரா வர்ற கார்ல் மால்டன்தான் அடுத்த வருஷமே 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்'ல ஃபாதர் பேரியா வந்து, கப்பலோட அடிக்கிடங்குல செத்துக் கிடக்கிற தொழிலாளி பக்கத்துல நின்னு, இதுவும் ஒரு சிலுவைச்சாவுதான்னு முழங்குவார். மேல இருந்து குப்பையையும் பழத்தையும் அவர்மேல எறிவாங்க, மனுஷன் நிறுத்தவே மாட்டார்.

கேள்வி: புனிதர்கள் வாழ்க்கைப் படம்னாலே எனக்குத் தூக்கம் வருது. தப்பா?

பதில்: தப்பே இல்ல. நிறைய படங்கள்ல புனிதர் முதல் சீன்லயே புனிதராத்தான் இருப்பார், அப்புறம் பார்க்க என்ன இருக்கு? ட்ரேயரோட 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' பாருங்க, 1928, பேச்சே இல்லாத படம். ஜோனோட உண்மையான விசாரணைக் குறிப்புகளை வச்சு எழுதினது. ஜோனா நடிச்ச ஃபால்கொனெட்டி முகத்துல மேக்கப் கிடையாது, கேமரா அவங்க முகத்தை விட்டு நகரவே நகராது, அந்தப் பொண்ணு பயந்து, தான் சொன்னதெல்லாம் தப்புன்னு கையெழுத்து போடுறதும் பிறகு அதை வாபஸ் வாங்குறதும் நம்ம கண்ணு முன்னாடி நடக்கிற மாதிரியே இருக்கும். அசல் நெகட்டிவ் தீயில போச்சு, இனி கிடைக்காதுன்னே நினைச்சிருந்தாங்க, 1981ல நார்வேயில ஒரு மனநல மருத்துவமனையில பழைய பிரதி ஒண்ணு கிடைச்சுது. அதனாலதான் இன்னைக்கு நம்மால பார்க்க முடியுது.

லூர்துல மாதா காட்சி கண்ட பொண்ணு பெர்னதெத் பத்தின 'தி சாங் ஆஃப் பெர்னதெத்' (1943) இசையும் ஒளியும் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், ஆனாலும் அதுல வர்ற அந்தக் கடுமையான சிஸ்டருக்காக பாருங்க. நான் இவ்வளவு தவம் பண்ணியும் எனக்குக் காட்சி தராம இவளுக்கு ஏன் தந்தேன்னு பொறாமையில வேகுறவங்க. பெர்னதெத் இத்தனை நாள் வாய் திறக்காம தாங்கிக்கிட்டிருந்த நோய் தெரிய வந்ததும் கோவில்ல போய் விழுந்து அழுவாங்க.

கேள்வி: 'தி மிஷன்' படத்துல ராபர்ட் டி நீரோ மூட்டையை இழுத்துக்கிட்டு அருவி மேல ஏறுற காட்சி ஏன் அவ்வளவு பேசப்படுது?

பதில்: ஏன்னா அபராதம்னா, அதாவது பாவத்துக்கு செய்ற பரிகாரம்னா என்னன்னு அதைவிட நல்லா யாரும் காட்டினதில்ல. மென்டோசா அடிமை வியாபாரி, தென் அமெரிக்கப் பழங்குடியான குவாரானி மக்களைப் பிடிச்சு வித்தவன், சொந்தத் தம்பியையே கொன்னவன். வாளும் கவசமும் அடைச்ச வலையை உடம்புல கட்டிக்கிட்டு சேத்துலயும் பாறையிலயும் ஏறுறான். நடுவுல ஒரு சாமியார் பாவப்பட்டு கயித்தை அறுத்து விட்டுடுவார், இவன் கீழ இறங்கிப் போய் திரும்பவும் கட்டிக்குவான். இன்னொருத்தர் அறுத்து விட்டா போதாதுன்னு அவனுக்குத் தெரியுது. மேல போய் சேர்ந்ததும் அவன் வேட்டையாடின அதே சனத்துல ஒருத்தர் கத்தியோட வந்து அவன் கழுத்துல வைக்கிறார், அப்புறம் கழுத்தை விட்டுட்டு கயித்தை அறுக்கிறார், மூட்டை உருண்டு ஆத்துல விழுது. அவன் தேம்பித் தேம்பி அழறான், சுத்தி நிக்கிறவங்க சிரிக்கிறாங்க, கொஞ்ச நேரத்துல அவனும் சிரிக்கிறான். மன்னிக்க வேண்டியவங்க கையாலயே மன்னிப்பு கிடைக்குது, அதான் விஷயம். 1986ல கான் விழாவோட பெரிய விருது இதுக்குத்தான். மோரிகோனே இசை பத்தி தனியா ஒரு இதழே எழுதலாம்.

கேள்வி: ஸ்கார்செஸியோட 'சைலன்ஸ்' விசுவாசத்துக்கு எதிரான படம்னு ஒரு நண்பர் சொல்றார், நான் பார்க்கட்டுமா?

பதில்: கண்டிப்பா பாருங்க, நண்பரையும் கூட்டிக்கிட்டு உட்காருங்க. 17ம் நூற்றாண்டு ஜப்பான், கிறிஸ்தவம் தடை, சந்தேகப்பட்டவங்களை இயேசு உருவம் பதிச்ச தகட்டை மிதிக்கச் சொல்வாங்க, மிதிச்சா விடுதலை. கதையை எழுதின ஷூசாகு எண்டோ ஒரு கத்தோலிக்கர். எல்லாரும் போர்ச்சுகல்ல இருந்து வந்த ஃபாதர் ரோட்ரிகஸ் மிதிச்சது சரியா தப்பான்னு சண்டை போடுறாங்க, எனக்கு மனசுல நிக்கிறது கிச்சிஜிரோங்கிற ஜப்பானியன். பயந்தாங்கொள்ளி, மிதிப்பான், காட்டிக் குடுப்பான், அப்புறம் ஓடி வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பான், திரும்ப அதையே செய்வான். சாமியாருக்கே அவனைப் பார்த்தா அருவருப்பா இருக்கு. ஆனா கடைசியில, நான் இப்ப சாமியாரே இல்லன்னு ரோட்ரிகஸ் மறுத்த பிறகும் வந்து மண்டியிட்டு கேட்கிறது அவன் ஒருத்தன்தான். இதுல விசுவாசம் இல்லன்னா வேற எதுல இருக்கு சொல்லுங்க?

கேள்வி: திருச்சபையோட அசிங்கங்களைக் காட்டுற படங்களை விசுவாசிகள் பார்க்கலாமா?

பதில்: பார்க்கணும். சின்னப் பிள்ளைங்களுக்கு நடந்த கொடுமையை மூடி வச்சது உண்மை, அதை பாஸ்டன் குளோப் பத்திரிகைக்காரங்க 2002ல வெளிய கொண்டுவந்ததைத்தான் 'ஸ்பாட்லைட்' (2015) சொல்லுது. அதைப் பார்த்து கோவப்பட வேண்டியது படம் எடுத்தவங்கமேல இல்ல.

இந்த வகையில என்னை உலுக்கினது 2014ல வந்த 'கால்வரி'. முதல் காட்சியே இருட்டான பாவசங்கீர்த்தனத் தொட்டி, அதான் பாவம் சொல்ற சின்னக் கூண்டு, அந்தப் பக்கம் ஒரு குரல், சின்ன வயசுல ஒரு சாமியார் என்னைக் கெடுத்தார், அவர் செத்துட்டார், கெட்ட சாமியாரைக் கொன்னா யாருக்கும் உறைக்காது, அதனால நல்லவரான உங்களைக் கொல்லப் போறேன், ஒரு வாரம் டைம் அப்படிங்குது. குரல் யாருதுன்னு அவருக்குத் தெரியும். மனம் வருந்திக் கேட்காததால இது பாவசங்கீர்த்தனக் கணக்குல வராதுன்னு ஆயர் சொல்லியும் அவர் போலீஸ்கிட்ட போகல. பிரெண்டன் க்ளீசன் அந்த ஏழு நாளையும் நடந்தே கடப்பார், ஊர்ல ஒவ்வொருத்தரும் அவரைக் குத்துவாங்க. கடைசிக் காட்சியைச் சொல்ல மாட்டேன், பார்த்தவங்களுக்குத் தெரியும் ஏன் சொல்லலைன்னு.

கேள்வி: 'தி எக்சார்சிஸ்ட்' பேய்ப்படம்தானே, அதை ஏன் இந்தப் பட்டியல்ல சேர்க்கிறாங்க?

பதில்: முக்கால்வாசி பேர் தலை சுத்துற காட்சியை மட்டும் ஞாபகம் வச்சிருக்காங்க. கதை விசுவாசம் ஆட்டம் கண்டுபோன ஃபாதர் கராஸ் பத்தினது, தாய் தனியா செத்துப்போன குற்ற உணர்ச்சி அவரை அரிக்குது. முடிவுல படிக்கட்டுக்குக் கீழ உயிர் போற நிலையில கிடக்கிறார், நண்பர் ஃபாதர் டையர் ஓடி வந்து கையைப் பிடிச்சு பாவசங்கீர்த்தனம் பண்றீங்களான்னு கேட்கிறார், பேச முடியாம விரல் மட்டும் அசையுது. உடனே பாவமன்னிப்பு ஜெபம். டையரா நடிச்ச வில்லியம் ஓ'மாலி நிஜத்துலயே இயேசு சபை குரு, அந்தக் குரல் நடுங்கறதைக் கேளுங்க.

கேள்வி: 'தி காட்ஃபாதர்' கத்தோலிக்க படமா?

பதில்: தலைகீழா பார்த்தா ஆமா. குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்குது, ஞானத்தகப்பனா நிக்கிற மைக்கேல் சாத்தானை விட்டுவிடுகிறேன்னு பதில் சொல்றான், அதே நேரம் அவன் ஏவின கொலைகள் ஒவ்வொண்ணா விழுது. மன்னிப்பே கேட்காத மனுஷன் எப்படி ஆவான்னு முதல் ரெண்டு பாகமும் சொல்லுது.

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாதவங்க நல்ல கத்தோலிக்க படம் எடுக்க முடியுமா?

பதில்: எடுத்திருக்காங்களே. இத்தாலிய டைரக்டர் பசோலினி நாத்திகர், மார்க்சியவாதி. 1964ல மத்தேயு நற்செய்தியைப் படமாக்கினார், வசனமெல்லாம் நற்செய்தியில இருக்கிறதுதான், இயேசுவா நடிச்சது சினிமாவுக்கே சம்பந்தமில்லாத ஒரு ஸ்பானிய மாணவர், வயசான மரியாவா நடிச்சது பசோலினியோட அம்மா. சிலுவை அடியில அந்த அம்மா துடிக்கிறதைப் பாருங்க. படத்தை மறைந்த திருத்தந்தை 23ம் யோவானுக்கு சமர்ப்பணம் பண்ணினார். சினிமாவோட நூற்றாண்டுக்கு 1995ல வத்திக்கான் வெளியிட்ட 45 படங்கள் பட்டியல்ல இதுவும் இருக்கு.

கேள்வி: எனக்கு இந்த வகைப் படமெல்லாம் பழக்கமே இல்ல, எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்: 'பாபெட்ஸ் ஃபீஸ்ட்' (1987). டென்மார்க்ல கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிராமம், அங்க அடைக்கலம் வந்த பிரெஞ்சு கத்தோலிக்க சமையல்காரி பாபெட், லாட்டரியில விழுந்த 10,000 ஃபிராங்கையும் ஒரே ஒரு விருந்துல செலவழிச்சிடுறாங்க. பழைய பகையோட உட்கார்ந்த கிழவர்கள் சாப்பிடச் சாப்பிட ஒருத்தரை ஒருத்தர் மன்னிக்க ஆரம்பிக்கிறாங்க. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸுக்கு ரொம்பப் பிடிச்சிருந்த படம், 2016ல குடும்பம் பத்தி எழுதின 'அன்பின் மகிழ்ச்சி' மடல்லயே இதைக் குறிப்பிட்டிருக்கார். அதுக்கு அடுத்து 'ஐ கன்ஃபெஸ்', அப்புறம் 'தி மிஷன்'. ப்ரெஸ்ஸானை நாலாவதா வச்சுக்கோங்க, மெதுவா போற படம், போனை வேற ரூம்ல வச்சுட்டு தனியா பாருங்க.