பிளக் மாற்றியும் தீராத தொல்லை

கேள்வி: கோவையில் ஒரு பழைய 100 சிசி பைக் வாங்கி ஊட்டிக்குக் கொண்டுவந்தேன். கார்பரேட்டர் வண்டி. வீடு லவ்டேலில், கடை ஊட்டி மார்க்கெட்டில். அதைத் தாண்டி ஓட்டமில்லை. காலையில் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கிடக்கிறது. புதுசு மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும், மறுபடியும் எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கிற மிஸ்ஸிங். “இரிடியம் பிளக் போட்டுடுங்கண்ணா, தொல்லையே இருக்காது” என்கிறார் மெக்கானிக். விலையோ பல மடங்கு. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கரியை உண்டாக்குவது பிளக் இல்லை. அது வேறு இடத்துக் கோளாறைக் காட்டிக்கொடுக்கிறது.

வண்டியின் குறைந்த வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் 15,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி அனுப்புகிறது. பிஸ்டன் உச்சிக்கு வரச் சற்று முன்னால், பிளக் முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டி அது பொறியாகப் பாய வேண்டும். வெள்ளைப் பீங்கானில் கரி படிந்துவிட்டால் மின்சாரம் எதற்கு மெனக்கெட்டுத் தாண்டப் போகிறது? கரி வழியாகவே கசிந்து பிளக்கின் இரும்பு உடம்புக்குப் போய்விடும். அதுதான் உங்கள் மிஸ்ஸிங்.

கரி வருவது மலையால். கோவை சுமார் 400 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடுவது கார்பரேட்டர். கீழ்நாட்டுக் காற்றுக்கு ட்யூன் செய்த அது இங்கேயும் அதே பெட்ரோலைத்தான் விடும். முழுசாக எரியக் காற்று போதாது. போதாக்குறைக்குக் குளிருக்கு, காற்றை இன்னும் மறைக்கும் சோக்கை இழுத்துவிட்டு ஓட்டுவோம். பிளக் முனை 450, 500 டிகிரி சூடு கண்டால்தான் படிந்த கரி தானாக எரியும். அந்தச் சூடு ஏறுவதற்குள் நீங்கள் மார்க்கெட்டில் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அடைந்திருந்தால் மாற்றுங்கள். பிறகு காற்று-பெட்ரோல் அளவைத் திருத்தும் கார்பரேட்டரின் மிக்ஸர் ஸ்குரூவை இந்த உயரத்துக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வண்டி மலையை விட்டு இறங்காது என்றால் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டையும் ஒரு அளவு சின்னதாக்கலாம். அடிக்கடி கோவை போவதானால் ஜெட்டில் கை வைக்காதீர்கள். கீழே பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறும். சில நாள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் வேலை முடிந்தது. கரி உலர்ந்த பொடியாக இல்லாமல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எஞ்சின் ஆயில் உள்ளே கசியும். அது பெரிய செலவு.

இரிடியம் மோசமான சரக்கு என்று சொல்லமாட்டேன். முனை மெல்லியது, குறைந்த வோல்ட்டிலேயே பொறி வரும், ஆயுளும் அதிகம். ஆனால் இதே கார்பரேட்டரில் மாட்டினால் அதுவும் கறுக்கும்.

சாதா பிளக் வாங்கும்போது வண்டிப் புத்தகத்தில் உள்ள அதே எண்ணைக் கேளுங்கள். “எல்லாம் ஒண்ணுதாங்க” என்று வேறு கம்பெனி பிளக்கைக் கொடுத்தால் கவனம்: என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் ரகம், போஷ்ஷில் அது தலைகீழ். போலியும் உலவுகிறது, மரை பிசிறாக, பீங்கானில் எழுத்து கலங்கலாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். கேட்டும் தராத கடைமீது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். எஞ்சின் ஆறியபின் கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று போதும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் பிளக் விலையெல்லாம் சில்லறைக் காசு.

கேள்வி: என்னுடையது பிஎஸ்-6 ஸ்கூட்டர், குன்னூரில் ஓடுகிறது. மலைக்கென்று வேறு பிளக் போட வேண்டும் என்கிறார்களே?

பதில்: தேவையில்லை. உங்கள் பிஎஸ்-6 வண்டியில் கார்பரேட்டருக்குப் பதில் இஞ்செக்‌ஷன். அதில் சென்சார் காற்றைப் பார்த்துப் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். மலைக்கென்று சூட்டை மெதுவாகக் கடத்தும் ‘சூடான ரக’ பிளக்கைப் போட்டுவிட்டு, இரண்டு பேராகக் கல்லாறிலிருந்து மலையேறினால் முனை அளவுக்கு மீறிக் காயும். பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றி பிஸ்டனைப் பதம் பார்க்கும். கம்பெனி சொன்ன பிளக், சொன்ன கிலோமீட்டரில் மாற்றினால் போதும்.