காம்லெக்ஸ் மட்டும் போதுமா, ஸ்டெப் 2வும் எழுதணுமா? டிஓ படிக்கிற பொண்ணோட அப்பாவுக்கு ஒரு பதில்

ஹூஸ்டன் பக்கத்துல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கார்: "சார், என் பொண்ணு டிஓ ஸ்கூல்ல தேர்ட் இயர். காம்லெக்ஸ் லெவல் 1 முதல் தடவை ஃபெயில் ஆகி ரெண்டாவது தடவை பாஸ் பண்ணிட்டா. யூஎஸ்எம்எல்இ எதுவும் எழுதல. இன்டர்னல் மெடிசின் முடிச்சுட்டு கார்டியாலஜி போகணும்ங்கறா. இப்ப ஸ்டெப் 1 எழுதச் சொல்லலாமா, இல்ல காம்லெக்ஸே போதுமா? ஒரு ஃபெயில் இருந்தாலே ரெசிடென்சி கிடைக்காதுன்னு இங்க ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, ராத்திரி தூக்கமே வரல."

இந்த பேரெல்லாம் புதுசா இருக்கறவங்களுக்கு ஒரு வரி: அமெரிக்காவுல டாக்டர் ஆக எம்டி, டிஓன்னு ரெண்டு டிகிரி இருக்கு, டிஓ பசங்களோட லைசன்ஸ் பரீட்சை காம்லெக்ஸ் (லெவல் 1, 2ன்னு வரும்), எம்டி பசங்களோடது யூஎஸ்எம்எல்இ (அதுல ஸ்டெப் 1, அப்புறம் ஸ்டெப் 2 சிகே), ரெசிடென்சின்னா டிகிரிக்கு அப்புறம் ஹாஸ்பிடல்ல பண்ற ஸ்பெஷாலிட்டி பயிற்சி.

முதல்ல தூங்குங்க சார். சுருக்கமா சொல்லிடறேன், அப்புறம் காரணம் பேசலாம். ஸ்டெப் 1 வேண்டாம். ஸ்டெப் 2 சிகே எழுதலாம், ஆனா ப்ராக்டிஸ் டெஸ்ட்ல ஸ்கோர் வந்தா மட்டும். லெவல் 2 இந்த தடவை நல்லா வந்தே ஆகணும், அதுல சாய்ஸே கிடையாது. அந்த ஒருத்தர் சொன்னது தப்பு.

நான் இன்டர்னல் மெடிசின் அட்டெண்டிங் (பயிற்சி முடிச்ச சீனியர் டாக்டர்), எங்க ரெசிடென்சி ப்ரோக்ராம்ல அப்ளிகேஷன் படிக்கிற கமிட்டில சில வருஷமா உக்காந்துட்டு இருக்கேன், அதனால வெளிய இருந்து கேள்விப்பட்டதா இல்லாம உள்ள என்ன நடக்குதுன்னு சொல்ல முடியும்.

நம்ம ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாக்களுக்கு பெரிய குழப்பமே இங்கதான் வருது. நமக்கு தெரிஞ்சது கட்-ஆஃப், ரேங்க் லிஸ்ட், கவுன்சலிங். அரை மார்க்ல காலேஜ் மாறும், 200க்கு 197 எடுத்தவன் 196.5 எடுத்தவனுக்கு முன்னாடி கூப்பிடப்படுவான், அவ்வளவுதான் கதை. இங்க அப்படி ஒரே லிஸ்ட் கிடையாது. ஸ்கோர் முதல்ல ஒரே ஒரு வேலை செய்யுது, உங்க பொண்ணோட ஃபைலை ஒரு மனுஷன் திறந்து படிக்கிறாங்களா இல்லையாங்கறதை முடிவு பண்ணுது. திறந்துட்டாங்கன்னா அதுக்கப்புறம் சிபாரிசு லெட்டர், ரொட்டேஷன் (வார்டு பயிற்சி) கமெண்ட், இன்டர்வியூல பேசுற விதம் இதெல்லாம் ஸ்கோரை தள்ளி விட்டுட்டு முன்னாடி வந்துடும். அதனால எந்த பரீட்சை எழுதலாம்னு யோசிக்கும்போது ஃபைல் திறக்கறதுக்கு இது உதவுமா உதவாதாங்கற ஒரு கேள்விதான் கேக்கணும்.

அந்த ஃபில்டர் எப்படி இருக்கும்னு காட்டுறேன். செப்டம்பர் கடைசில ஈராஸ்ங்கற பொது ஆன்லைன் சிஸ்டம்ல போட்ட அப்ளிகேஷன்லாம் ப்ரோக்ராமுக்கு திறக்கும். ஆயிரக்கணக்குல வரும், படிக்கறதுக்கு இருக்கறது அஞ்சாறு பேர், அவங்களுக்கும் வார்டு ட்யூட்டி இருக்கு. கோஆர்டினேட்டர் ஸ்க்ரீன்ல ஒரு கட்டம் வெச்சிருப்பாங்க, ஸ்டெப் 2 சிகே இவ்வளவுக்கு மேல, ஃபெயில் அட்டெம்ப்ட் இல்ல, இப்படி ரெண்டு மூணு டிக். அமுக்கினதும் லிஸ்ட் பாதியா சுருங்கும். காம்லெக்ஸ் மட்டும் எழுதின டிஓ பசங்களுக்கு ஸ்டெப் ஸ்கோர் இருக்கற இடம் காலியா இருக்கும், அதனால அவங்க அந்த லிஸ்ட்ல வரவே மாட்டாங்க. யாரும் அவங்களை ரிஜெக்ட் பண்ணல, பிடிக்கலன்னும் சொல்லல, பார்க்கவே இல்ல. விவரம் தெரிஞ்ச கோஆர்டினேட்டர்னா காம்லெக்ஸுக்கு தனியா இன்னொரு ஃபில்டர் போட்டு அந்த லிஸ்டையும் எடுப்பாங்க. எங்க கமிட்டிலயே ஒரு தடவை ஒரு சீனியர் டாக்டர் ஒரு ஃபைலை பார்த்துட்டு "560ன்னு போட்டிருக்கே, இது நல்லதா கெட்டதா?"ன்னு நிஜமாவே கேட்டார். அவர் எம்டி, வாழ்க்கைல காம்லெக்ஸ் பார்த்ததில்ல. பாஸ் மார்க் 400ன்னு பக்கத்துல இருந்த டிஓ டாக்டர் சொன்னப்புறம்தான் ஓஹோன்னு அடுத்த பக்கத்தை புரட்டினார். இந்த மாதிரி டிஓ ஒருத்தர் ரூம்ல இருக்கறதும் இல்லாததும் எவ்வளவு வித்தியாசம்னு அன்னிக்குதான் எனக்கே உறைச்சுது.

எதனால இந்த ரெட்டை பரீட்சை கூத்துன்னு கேட்டா, முன்னாடி டிஓ பசங்களுக்குன்னு தனி ரெசிடென்சி ப்ரோக்ராம், தனி மேட்ச் (யாருக்கு எந்த ப்ரோக்ராம்ல இடம்னு முடிவு பண்ற முறை) எல்லாம் இருந்துச்சு, அங்க காம்லெக்ஸ் மட்டும்தான் பேச்சு. 2014ல ரெண்டையும் ஒண்ணாக்கணும்னு ஒப்பந்தம் போட்டு 2020ல முழுசா ஒரே அமைப்புக்கு கீழ கொண்டு வந்துட்டாங்க. க்யூ ஒண்ணாச்சு, பரீட்சை ஒண்ணாகல. டிகிரி வாங்க, லைசன்ஸ் வாங்க காம்லெக்ஸ் போதும், 50 ஸ்டேட்லயும் ஏத்துக்கறாங்க. யூஎஸ்எம்எல்இ டிஓ பசங்களுக்கு கட்டாயமே கிடையாது, அது முழுக்க முழுக்க இந்த ஃபில்டருக்காக எழுதற எக்ஸ்ட்ரா பரீட்சை. அதுக்கு தனியா 600, 700 டாலர் ஃபீஸ், மாசக்கணக்குல படிப்பு, அதான் எரிச்சலா இருக்கும்.

இப்ப ஸ்டெப் 1 ஏன் வேண்டாம்னு வரேன். 2022 ஜனவரில இருந்து ஸ்டெப் 1 வெறும் பாஸ் ஃபெயில் ஆயிடுச்சு, அதே வருஷம் மே மாசத்துல இருந்து காம்லெக்ஸ் லெவல் 1ம் அப்படித்தான். அதனால "மார்க் எவ்வளவு"ன்னு சொந்தக்காரங்க கேட்டா சொல்றதுக்கு மார்க்கே கிடையாது. உங்க பொண்ணு இப்ப உக்காந்து ஸ்டெப் 1 எழுதி பாஸ் பண்ணா கிடைக்கறது ஒரு வார்த்தை, "பாஸ்". தப்பித்தவறி ஃபெயில் ஆனா அப்ளிகேஷன்ல ரெண்டு ஃபெயில். லாபம் கொஞ்சம், நஷ்டம் பெருசு, அதுவும் தேர்ட் இயர் ரொட்டேஷன் நடுவுல பயோகெமிஸ்ட்ரி திரும்ப படிக்கறதுன்னா வார்டுல கிடைக்கற நல்ல பேரும் போயிடும். ஸ்டெப் 1 எழுதாம நேரா ஸ்டெப் 2 எழுத முடியுமான்னு நிறைய பேர் கேப்பாங்க. முடியும், ஆர்டர் கட்டாயம் இல்ல. நிறைய டிஓ பசங்க இப்ப அப்படித்தான் பண்றாங்க. சில ப்ரோக்ராம் ரெண்டும் கேக்கும், அந்த சில இடங்களை விட்டுடலாம்.

ஸ்டெப் 2 சிகே வேற கதை. இதுல இன்னும் நம்பர் வருது, லெவல் 1ம் ஸ்டெப் 1ம் பாஸ் ஃபெயில் ஆனதுக்கப்புறம் பாரம் முழுக்க இங்கதான் இறங்கியிருக்கு. பாஸ் மார்க் 2025 ஜூலைல 214ல இருந்து 218 ஆச்சு, சராசரி 250 பக்கத்துல நிக்குது. உங்க பொண்ணுக்கு கார்டியாலஜி ஆசை இருக்கறதாலதான் நான் சிகே பக்கம் சாயறேன். ஃபேமிலி மெடிசின், பீடியாட்ரிக்ஸ், சைக்கியாட்ரின்னு சொல்லியிருந்தா, கம்யூனிட்டி ஹாஸ்பிடல் இன்டர்னல் மெடிசின் போதும்னு சொல்லியிருந்தா, பேசாம காம்லெக்ஸ்ல கவனம் வைம்மான்னு சொல்லியிருப்பேன். ஆர்த்தோ, டெர்மட்டாலஜி, நியூரோ சர்ஜரின்னு சொல்லியிருந்தா ஸ்டெப் இல்லாம கதவே பெரும்பாலும் திறக்காதுன்னு சொல்லியிருப்பேன். கார்டியாலஜி ஃபெல்லோஷிப் (ரெசிடென்சிக்கு அப்புறம் பண்ற மேல் பயிற்சி) கிடைக்கறது ரொம்ப சுலபமா இருக்கறது சொந்தமா ஃபெல்லோஷிப் வெச்சிருக்கற, ரிசர்ச் நடக்கற ரெசிடென்சில இருந்து. அந்த மாதிரி யூனிவர்சிட்டி ப்ரோக்ராம்ல பாதிக்கு ஸ்டெப் நம்பர் இருந்தா ஃபைல் திறக்கறது சுலபம்.

ஆனா எப்ப எழுதக்கூடாதுன்னும் சொல்லிடறேன், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. வர்ற ஏப்ரல் மே வாக்குல என்பிஎம்இ (யூஎஸ்எம்எல்இ பரீட்சையை தயாரிக்கற போர்டு) ப்ராக்டிஸ் ஃபார்ம் ரெண்டு எழுதிப் பார்க்கட்டும், வீட்ல ஃபோன் ஆஃப் பண்ணி, டைம் வெச்சு, ஒரே மூச்சுல. 240ஐ தொட்டா தாராளமா ரெஜிஸ்டர் பண்ணலாம். 225க்கு கீழயே சுத்திட்டு இருந்தா விட்டுடலாம், அந்த ஸ்கோர் அவளுக்கு ஒரு கதவும் திறக்காது, அதுக்கு பதிலா அந்த மாசத்தை லெவல் 2க்கு போடறதுதான் புத்திசாலித்தனம். நடுவுல இருந்தா அவ காலேஜ் அட்வைசர் கிட்ட உக்காந்து பேசணும். இந்த நம்பர் என் அனுபவக் கணக்கு, எந்த போர்டும் போட்ட விதி இல்ல. இன்னொண்ணு, யூஎஸ்எம்எல்இ ட்ரான்ஸ்கிரிப்ட் அனுப்ப சம்மதம் கொடுத்தா மொத்த வரலாறும் போகும், நல்ல ஸ்கோரை மட்டும் அனுப்பி மத்ததை மடக்கி வெக்க முடியாது. எழுதிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்ங்கற துணிச்சல் இங்க சரிப்படாது.

ரெண்டும் எழுதறதா இருந்தா ஒரே சீசன்ல எழுதிடணும், பாடம் முக்கால்வாசி ஒண்ணுதான். எங்க டிஓ ரெசிடென்ட்ஸ்ல ரொம்ப பேர் பண்ணது, முதல்ல சிகே, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு லெவல் 2, அந்த நடுவுல இருக்கற நாள் முழுக்க ஓஎம்எம் (கையால எலும்பு, தசையை சரி பண்ற டிஓ வைத்திய முறை, காம்லெக்ஸ்லதான் வரும்). சாப்மன் பாயிண்ட் எந்த விலா எலும்பு நடுவுல, சேக்ரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு அந்த ஒரு வாரம் தூக்கத்துலயும் சொல்ற மாதிரி ஆயிடுவாங்க. யூவேர்ல்ட்ங்கற க்யூபேங்க் (கேள்வித் தொகுப்பு) ஒரு முழு சுத்து, தப்பானதை மட்டும் இன்னொரு சுத்து, அதுக்கு மேல ஆறு க்யூபேங்க் வாங்கித் தர வேண்டாம் சார், காசும் போகும் குழப்பமும் வரும். ரிசல்ட் வர ஒரு மாசம், சில சமயம் அதுக்கும் மேல ஆகும், அதனால ஜூன், தள்ளிப்போனா ஜூலைக்குள்ள முடிச்சாதான் செப்டம்பர்ல அப்ளிகேஷன் திறக்கும்போது ஸ்கோர் உள்ள இருக்கும். ஃபெயில் இருக்கற பசங்களுக்கு இது இன்னும் முக்கியம், லெவல் 2 ஸ்கோர் இல்லாம லெவல் 1 ஃபெயில் மட்டும் தெரிஞ்சா ஃபைல் அங்கயே மூடிடும்.

அந்த ஃபெயில் விஷயத்துக்கு வரேன். மறைக்க முடியாது, ட்ரான்ஸ்கிரிப்ட்ல அட்டெம்ப்ட் தெரியும். சில ப்ரோக்ராம் ஃபெயில்னாலே ஃபில்டர்ல தூக்கிடும், அதை மாத்த உங்களாலயும் முடியாது என்னாலயும் முடியாது, அந்த கதவு மூடினதுன்னு விட்டுடுங்க. மிச்சம் இருக்கற இடத்துல நாங்க பார்க்கறது ஒண்ணே ஒண்ணு, அதுக்கப்புறம் கோடு மேல போச்சா? லெவல் 1 ஃபெயில், லெவல் 2 முதல் தடவையே 550, 600ன்னு வந்தா அந்த ஃபைலை படிக்கும்போது பழைய ஃபெயில் ஒரு வரியா சுருங்கிடும். லெவல் 2வும் 410ன்னு வந்தா அந்த ஒரு வரி ஃபைல் முழுக்க பரவிடும். எழுதற விதமும் இருக்கு. ஒரு அப்ளிகண்ட் பர்சனல் ஸ்டேட்மெண்ட் ஒரு பக்கம் முழுக்க தன்னோட ஃபெயிலைப் பத்தியே எழுதியிருந்தார், படிச்சு முடிக்கும்போது அவர் எதனால டாக்டர் ஆகணும்னு நினைக்கறார்ங்கறதே எங்களுக்கு தெரியல. இன்னொரு பொண்ணு மூணே வாக்கியம் எழுதியிருந்தா: படிக்கற முறை தப்பு, கேள்வி போடாம நோட்ஸ் மட்டும் படிச்சேன், மாத்தினேன், லெவல் 2ல இவ்வளவு. இன்டர்வியூல யாரும் அதைப் பத்தி ரெண்டாவது கேள்வி கேக்கல.

"ரெசிடென்சியே கிடைக்காது"ன்னு சொன்னவருக்கு ஒரு நம்பர் காட்டுங்க. 2025 மேட்ச்ல டிஓ சீனியர்ஸ்ல (கடைசி வருஷ பசங்க) 92.6 சதவீதம் பேருக்கு இடம் கிடைச்சுது, எம்டி சீனியர்ஸ்க்கு 93.5. அந்த இடைவெளிக்கா இவ்வளவு பயம்? ஆனா நேர்மையா சொல்லணும்னா, இந்த நம்பர் எந்த ஸ்பெஷாலிட்டி, எந்த ஊர்ங்கறதை சொல்லாது, ஃபெயில் இருக்கறவங்களை தனியாவும் காட்டாது. அதனால நிம்மதிக்கு எடுத்துக்கலாம், அலட்சியத்துக்கு இல்ல. டிஓன்னா எலும்பு தட்டற வைத்தியரான்னு கேக்கற மாமாவுக்கு பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீங்க, இங்க மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ்ல நாலுல ஒருத்தருக்கு மேல டிஓதான்.

எங்க அப்ளை பண்றதுங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. 150 இடத்துக்கு கண்ணை மூடிட்டு போடறதுல பிரயோஜனம் இல்ல, 30க்கு மேல போனா ஈராஸ் ஃபீஸ் ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் சடார்னு ஏறும். ப்ரோக்ராம் வெப்சைட்ல ரெசிடென்ட்ஸ் ஃபோட்டோ போட்டிருப்பாங்க, ஒவ்வொரு பேருக்கு பின்னாடியும் எம்டியா டிஓவான்னு இருக்கும், ஒரு பேப்பர் எடுத்து எண்ணச் சொல்லுங்க. மூணு பேட்ச்லயும் நாலஞ்சு டிஓ இருந்தா அங்க காம்லெக்ஸ் படிக்கத் தெரிஞ்சவங்க உக்காந்திருக்காங்க. ஒருத்தர் கூட இல்லன்னா அந்த இடத்துக்கு சிக்னல் (உங்க ப்ரோக்ராம்ல எனக்கு நிஜமாவே ஆர்வம்னு அப்ளிகேஷன்ல காட்டற குறி) வீணாக்க வேண்டாம். இன்டர்னல் மெடிசினுக்கு கோல்ட் சிக்னல், அதாவது ரொம்ப விருப்பமான இடத்துக்கு கொடுக்கறது, மூணுதான், அதை பெரிய பேருக்காக கொடுக்காம தன்னை படிக்கப்போற இடத்துக்கு கொடுக்கணும், முடிஞ்சா ஃபோர்த் இயர் தொடக்கத்துல அதே இடத்துல ஒரு மாசம் ரொட்டேஷன் பண்ணிட்டு.

வெப்சைட்ல தெளிவா இல்லன்னா கோஆர்டினேட்டருக்கு மெயில் போடலாம், அதுல தப்பே இல்ல, எங்களுக்கு வாராவாரம் வரும். காம்லெக்ஸ் மட்டும் இருந்தா பார்ப்பீங்களா, லெவல் 1ல ஒரு ஃபெயில் இருந்தா ஃபில்டர்ல போயிடுமா, இந்த ரெண்டே கேள்வி, நாலு வரி. ஆனா அதை உங்க பொண்ணு பேர்ல, உங்க பொண்ணே அனுப்பணும் சார். அப்பா அனுப்பற மெயிலும் வரும், அதை கோஆர்டினேட்டர்ஸ் மறக்கவே மாட்டாங்க.