மடிக்கணினி நிறுவனத்துடையது, கடிதம் யாருடையது?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் மனிதவள அதிகாரி என்னை அழைத்து, வேறொரு நிறுவனம் எனக்கு அனுப்பியிருந்த நேர்காணல் கடிதத்தின் நகலை மேசைமேல் வைத்தார். அது என் சொந்த ஜிமெயிலுக்கு வந்த கடிதம். அலுவலக மடிக்கணினியில் எப்போதோ ஜிமெயிலைத் திறந்தபோது கடவுச்சொல் அதிலேயே பதிந்துவிட்டது. “கணினி எங்களுடையது, அதில் இருப்பதெல்லாம் எங்களுடையதுதான்” என்கிறார்கள். விருப்பப்பட்டு விலகுவதாக எழுதித் தரவும் சொல்கிறார்கள். “அரசாங்கமே எல்லாருடைய மெயிலையும் பார்க்கிறது, இதற்குப் போய் வழக்கா?” என்கிறார் என் அண்ணன். நகலின் படத்தை இணைத்திருக்கிறேன். அது அச்சான நாளில் ஆறரை மணிக்கே மடிக்கணினியை அலுவலக அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.
– வாசகி, கோவை

பதில்: சகோதரி, முதல் வேலையாக, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு வேலை தேடுவது குற்றமும் அல்ல, ஒழுங்கீனமும் அல்ல. விலகுவதானால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாளில், முன்னறிவிப்புக் காலத்தைக் கணக்கிட்டு விலகலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தை இரண்டு முறை பார்த்தேன். உலாவியிலிருந்து அச்சிடும் பக்கத்தின் மேல் ஓரத்தில் அச்சிட்ட தேதியும் நேரமும் பொடி எழுத்தில் விழும். உங்கள் நகலில் இரவு 9.47 என்று இருக்கிறது. ஆறரை மணிக்கே மடிக்கணினியை அலுவலக அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கணக்கை யாரோ திறந்து உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்தச் சிறிய வரியில்தான் இருக்கிறது.

நிறுவனத்துக்கு உள்ள உரிமையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியை அவர்கள் பார்வையிடலாம். அலுவலக இணைப்பில் நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்தாலும் தெரியும். கண்காணிப்பு மென்பொருளை நிறுவியிருந்தால் திரையில் ஓடுவதையே படம் எடுக்கலாம். பணியில் சேரும்போது நீங்கள் ஒப்பமிட்ட கணினிப் பயன்பாட்டு விதிகளில் பெரும்பாலும் இதற்கு இசைவு இருக்கும். தேடி எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

ஆனால் கண்காணிப்பது வேறு, உங்கள் பூட்டைத் திறந்து உள்ளே போவது வேறு. உங்கள் ஜிமெயில் கடிதங்கள் அந்த மடிக்கணினிக்குள் இல்லை. கூகுளின் கணினிகளில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் அனுமதி உங்கள் ஒருவருக்கே தரப்பட்டது. சாவியை மேசையில் மறந்து வைத்தவரின் வீட்டுக்குள் நுழையும் உரிமை மேசைக்குச் சொந்தக்காரருக்கு வந்துவிடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 அனுமதியின்றிக் கணினி அமைப்பை அணுகுவதையும் அதிலிருந்து தகவலை நகலெடுப்பதையும் இழப்பீட்டுக்கு உரிய செயல்களாகச் சொல்கிறது. “எங்கள் கணினி, எங்கள் அனுமதி” என்று அவர்கள் வாதிடுவார்கள். அந்த வாதம் மடிக்கணினியோடு நின்றுவிடும், கூகுள் வரை நீளாது என்பது என் உறுதியான கருத்து.

அதே செயலை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்திருந்தால் பிரிவு 66 வருகிறது: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் கடவுச்சொல்லை அப்படிப் பயன்படுத்துவதற்குப் பிரிவு 66சி இருக்கிறது. ஆனால் அந்த நோக்கத்தை நிரூபிக்கும் சுமை பெரியது. ஆகவே காவல் நிலையத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே இந்தச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளிக்கும் அதிகாரி. ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். பலருக்கும் தெரியாத வாசல் இது. உங்களுக்கு இதுவே நல்ல வழி.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். தவிர, வேலை தொடர்பான சில தேவைகளுக்கு இசைவு கேட்காமலே தரவைக் கையாள அந்தச் சட்டம் முதலாளிக்கு இடம் தருகிறது. இப்போதைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

உங்கள் அண்ணனுக்கும் பதில் சொல்ல வேண்டும். அரசுகூட நினைத்தபோது படிக்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69இன்படி நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றப் புலனாய்வு போன்ற குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும். அவற்றை எழுத்தில் பதிய வேண்டும். வழக்கமாக உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும். அந்த ஆணை 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். சாதாரணக் குற்ற விசாரணைக்காகத் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட உத்தரவு ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. அரசுக்கே இத்தனை வேலி போட்ட நாட்டில், ஒரு மனிதவள அதிகாரி இரவு பத்து மணிக்கு உங்கள் கடிதத்தை அச்சிட்டு எடுப்பதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி வேகம் வேண்டும். கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில், கணக்கு கடைசியாக எப்போது பயன்படுத்தப்பட்டது என்ற குறிப்பும் அதையொட்டி ‘விவரங்கள்’ என்ற சுட்டியும் இருக்கும். அதைத் திறந்தால் கணக்கு எந்த நேரத்தில், எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) திறக்கப்பட்டது என்று தெரியும். அண்மைப் பதிவுகள் மட்டுமே அங்கே நிற்கும். புதியவை வரவர பழையவை மறைந்துவிடும். அலுவலகக் கணினியைத் தொடாமல், வீட்டுக் கணினியில் இன்றே திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற கருவிகள் அனைத்திலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும். மின்னணு ஆவணத்தை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாட்சிய அதினியம் 2023 (இப்போதைய சாட்சியச் சட்டம்), பிரிவு 63இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் மற்றதை வல்லுநர் ஒருவரும் ஒப்பமிட வேண்டும். அதற்கு உங்கள் வழக்கறிஞர் உதவுவார்.

பிறகு நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என் சொந்தக் கணக்கை யார், எந்த அதிகாரத்தில், எப்போது திறந்தார்கள் என்ற கேள்வி போதும். பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, கடிதம் சேர்ந்ததற்கான சான்றைக் கடிதத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள். அவர்கள் மேசைமேல் வைத்த அந்த அச்சுத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். அசல் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.