என்.எம்.ஆர் குழாய் சீராகச் சுழலாததற்கு

என்.எம்.ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியில் மாதிரிக் குழாயைச் சுழற்ற 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 சுற்று) கொடுத்தால் வேகம் 8-க்கும் 14-க்கும் இடையே அலைகிறது, ஆனால் சில குழாய்கள் மட்டும் ஒழுங்காகச் சுழல்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'சில குழாய்கள்' என்பதுதான் நல்ல தடயம். காற்றழுத்தம் குறைந்திருந்தால் எல்லாக் குழாய்களுமே தடுமாறியிருக்கும். அதனால் காற்றழுத்தத்தை மாற்ற மென்பொருளில் கை வைக்காதீர்கள்.

தகராறு செய்யும் குழாயைச் சமமான கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பாருங்கள். நுனி துள்ளினால் குழாய் வளைந்திருக்கிறது, தூக்கிப் போட்டுவிடுங்கள். சூடான அடுப்பில் உலர்த்தினால் இப்படி ஆகலாம். கொடி மாதிரி ஒட்டிய பெயர்ச்சீட்டும் சமநிலையைக் கெடுக்கும்.

குழாய் நேராக இருந்தால் ஸ்பின்னரை (குழாயைப் பிடித்துக்கொண்டு சுழலும் தாங்கியை) பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சரிவான பக்கத்தில் விரல் ரேகை மங்கலாகத் தெரியும். அந்த மெல்லிய எண்ணெய்ப் பூச்சே போதும், காற்று மெத்தையில் மிதக்க வேண்டியது ஒட்டிக்கொள்ளும். நார் உதிராத தாளில் ஐசோபுரொபனால் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் மேல் விளிம்பை மட்டும் பிடியுங்கள். வேகத்தை எண்ண உதவும் கறுப்பு வெள்ளைக் குறிகள் அழிந்திருந்தால், குழாய் ஒழுங்காகச் சுழன்றாலும் திரையில் தப்பான எண் வரும்.

துடைத்த பிறகும் சரியாகவில்லையா? கருவியில் குழாய் இறங்கும் துளைக்குள் கண்ணாடித் துண்டோ சிந்திய கரைசலோ இருக்கலாம். எதையும் விட்டுக் குடையாதீர்கள், கருவிப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை சுழற்சியை நிறுத்திவிட்டு, எக்ஸ், ஒய் ஷிம்களை (காந்தப் புலத்தைச் சீராக்கும் சுருள்களை) கவனமாகச் சரிசெய்து புரோட்டான் நிறமாலை எடுங்கள். இருபரிமாணச் சோதனைகளுக்குச் சுழற்றாமல் இருப்பதே நல்லது.